கோடும் குடிசையும்: புதுச்சேரியில் வீடு கட்ட அனுமதி கேட்பது குறித்து

அப்பாவின் மனை ஒரு குழிக்குக் கொஞ்சம் கூட. புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி. இருபத்து நாலடிக் கோல் ஒன்றை நீளத்திலும் அகலத்திலும் ஒருமுறை போட்டால் வருகிற பரப்பு. வாணரப்பேட்டையில், சுப்பையா சாலையைத் தாண்டி, ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கிறது அது. ரோடியர் மில் என்று பழைய ஆட்கள் சொல்கிற ஏ.எஃப்.டி. ஆலையில் வேலை பார்த்த காலத்தில் போனஸுக்கு ஒரு சுவர், தீபாவளிக்கு ஒரு சன்னல் என்று அப்பா அதில் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். கட்டி முடித்தார் என்பதும் தப்பு. கட்டிக்கொண்டே இருந்தார். 2020-ல் ஆலையை நிரந்தரமாக மூடியபோதும் கழிவறைக்குக் கதவு இல்லை.

தம்பிக்குக் கல்யாணம் பேசினதும் மேலே ஒரு அறை எடுக்கலாம் என்று முடிவாயிற்று. வங்கியில் கடன் கேட்டோம். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கொண்டுவாங்க என்றார்கள். அதுவரை எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 'பிளான் போடாம கட்டுனாத்தான்டா நம்ம வீடு முடியும்' என்று அப்பா அன்றைக்கே சொன்னார். நான் கேட்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன் இல்லையா, எழுத்தின் மேல் ஒரு நம்பிக்கை.

மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லா அலுவலகமும் ஒரே முகம்தான். முதல் முறை, தாத்தா வாங்கிய தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. நோத்தேர் எழுதிய பத்திரம். மொழிபெயர்த்துக் கொடுத்தோம். இரண்டாவது முறை, தாத்தாவின் பெயரில் சிக்கல். முத்து என்று முடிகிற பெயரைப் பிரெஞ்சுக்காரன் தன் எழுத்துக்கூட்டலில் இரண்டெழுத்து கூடுதலாக எழுதியிருந்தான். ஆங்கில ஆவணத்தில் அது குறைந்துபோயிருந்தது. ஆக இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். இருவரும் ஒருவரே என்று செத்துப்போனவருக்காக அப்பா உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். மூன்றாவது முறைதான் என்னை யோசிக்க வைத்தது. பத்திரத்தின் நான்கெல்லையில் வீதி என்று ஒன்றுமே இல்லை. வடக்கே ஒரு வாய்க்கால், கிழக்கே ஒருவரின் தோட்டம், மேற்கே இன்னொருவரின் குடிசை. 'வீதி இல்லாத மனைக்கு எப்படிங்க அனுமதி தர்றது?' என்று எழுத்தர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, 'நாங்க அங்கதான் இருக்கறமுங்க ஐயா' என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனதில் வந்தது.

வீடு கட்ட அனுமதி என்றால் வீடு இடிந்து விழாமல் இருக்கத்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. பிரான்சில் 1607-ல் நான்காம் ஹென்றி அரசன் காலத்தில் சுல்லி கொண்டுவந்த ஆணைதான் இதற்கெல்லாம் மூலம். அரசனின் சாலையை ஒட்டிக் கட்டுகிறவன் அரசனின் அதிகாரியிடம் கோடு வாங்க வேண்டும் என்றது அது. சுவர் எங்கே நிற்கலாம் என்று அதிகாரி கயிறு பிடித்துக் காட்டுவான். உன் கூரை தாங்குமா, உன் பிள்ளைக்குக் காற்று வருமா என்பதெல்லாம் அந்த ஆணையின் கவலை இல்லை. 1783-ல் பாரிசுக்கு வந்த ஆணை தெருவின் அகலத்தை வைத்து வீட்டின் உயரத்தை நிர்ணயித்தது, வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டு என்றது. ஆரோக்கியம் என்ற பேச்சு சட்டத்துக்குள் வலுவாக நுழைந்தது 1902-ல். இருபதாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மேயரின் அனுமதி இல்லாமல் வீடு கட்டக்கூடாது என்று வந்தது. இன்று நாம் அறிந்த வடிவில் கட்டட அனுமதி பிரான்சு முழுமைக்கும் வந்தது 1943-ல், ஜெர்மானியரின் பிடியில் இருந்த விஷி அரசின் சட்டமாக. விடுதலைக்குப் பின் வந்தவர்கள் விஷியின் எத்தனையோ காரியங்களைத் தூக்கி எறிந்தார்கள். அனுமதி என்ற ஏற்பாட்டை எறியவில்லை. எந்த அரசுக்கும் அது வசதியானது.

ஆக முதலில் வந்தது கோடு. வீடு பிறகு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் குடியானவன், கோடே போய்ச் சேராத இடத்தில் இருப்பவன்? சட்டம் அவனை மீறியவன் என்றுகூடச் சொல்வதில்லை. அவன் அதன் பார்வைக்கு வரவே இல்லை.

புதுச்சேரிக்கு நேர்கோடு போட்டவன் பிரெஞ்சுக்காரன் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. அது பொய் என்பது தெரிந்து இருபது வருடம் ஆகிறது. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றினார். 1693-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், 1699 வரை வைத்திருந்தார்கள். அந்தச் சில ஆண்டுகளில் அவர்கள் வரைந்த வரைபடங்களை ழான் தெலோஷ் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார். வாய்க்காலுக்கு மேற்கே இன்றும் நாம் நடக்கிற கட்டம் கட்டமான வீதிகளின் தொடக்கம் அவற்றில் இருக்கிறது. என்னை நிறுத்தியது அந்தக் கட்டங்கள் யாருக்கானவை என்பதுதான். தறிக்காரருக்கு, வணிகருக்கு, பிராமணருக்கு என்று பிரித்துப் போட்ட வரைபடம் அது. ஐரோப்பியனின் வடிவியலும் நம்மூர் வருணப் பகுப்பும் ஒரே தாளில் ஒன்றை ஒன்று முட்டாமல் படுத்துக்கிடக்கின்றன. காலனியம் சாதியைக் கண்டுபிடித்தது என்று ஒரு கோஷ்டியும், காலனியம் சாதியை உடைத்தது என்று இன்னொரு கோஷ்டியும் நம் பத்திரிகைகளில் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார்கள். இரண்டு பேரும் இந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். இங்கே ஸ்கேல் வெள்ளைக்காரனுடையது, பட்டியல் நம்முடையது.

வெள்ளாள வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வைசியாள் வீதி என்று இன்றும் நம் வாயில் புழங்குகிற பெயர்கள் அந்தப் பட்டியலின் மிச்சம். பலகையில் பெயரை மாற்றலாம். வைசியாள் வீதிக்குக் கால்வே சுப்பராய செட்டி வீதி என்று பெயர் வைத்தும் ஆட்டோக்காரருக்கு வைசியாள் வீதிதான்.

கோடு போடுகிறவனின் அதிகாரம் எப்போதும் ஒருவழிப் பாதையாகவே இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏசு சபைப் பாதிரிகளின் வற்புறுத்தலால் கோயில் வழிபாட்டில் கவர்னர் மர்த்தேன் கை வைக்கப் போக, நெசவாளரும் மற்றவரும் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பத் தயாரானார்கள். கம்பெனி பின்வாங்கியது. தறி இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் கம்பெனிக்கு இங்கே வேலை இல்லை. ஊரைவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டத் தெம்பு உள்ளவனுக்குக் கோடு வளைந்து கொடுத்தது. போனால் போ என்று சொல்லத்தக்கவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அவர்கள் சேரியில் இருந்தார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-ல் தொடங்கி 1761 வரை போகிறது. பிரபஞ்சன் அதிலிருந்துதான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களை எடுத்தார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அரண்மனைச் சூழ்ச்சிக்காகவும் யுத்தத்துக்காகவும் விலைவாசிக்காகவும் அதைப் படித்தவர்கள் உண்டு. நான் அதைக் கட்டடங்களுக்காகப் படித்தேன். எதைக் கட்டினார்கள், எதை இடித்தார்கள், யாரைக் கேட்டு?

1745 அக்டோபரில் ஒரு குறிப்பு. மாதா கோயிலுக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியாரிடம் பறையர்கள் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஏன் இந்தத் தடுப்பு என்று. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், எதிர்த்தார்கள். அதே நாட்குறிப்பில் 1748 செப்டம்பர் வருகிறது. ஆங்கிலேயரின் முற்றுகைக்கு நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்படுகிறது. பிள்ளை துய்ப்ளேக்சின் துபாஷி, ஊரின் பெரிய மனிதர். அவராலும் தடுக்க முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் எழுதியிருக்கிறார்.

நம் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளில் இரண்டாவது இடிப்புக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட முதல் இடிப்புக்குக் கிடைத்ததில்லை. அதைத் தேடி எடுத்துப் பேசியவர்கள் தலித் எழுத்தாளர்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. கோயிலுக்குள் அந்தச் சுவரைக் கட்ட யாரும் யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். கட்டியது தெரியாமலே நின்ற சுவர் அது. இடிக்கத்தான் அனுமதி வேண்டியிருந்தது, முறையீடு வேண்டியிருந்தது, வெளியூரிலிருந்து ஒரு பாதிரி வரவேண்டியிருந்தது. என் தாத்தாவின் தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பாரா என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. நின்றிருந்தால் அவர் பெயரை எந்த எழுத்துக்கூட்டலிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. சரணடைவதற்குச் சில நாள் முன்னால் பிள்ளையும் இறந்துபோனார். கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்தது. 1765-ல் லா தெ லொரிஸ்தோன் வந்து மறுபடி கட்டத் தொடங்கினார். ஊரே மண்மேடாகக் கிடக்கும்போது ஒரு நகரத்தை எப்படி வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். பழைய கோட்டின் மேலேயே போட்டார்கள். அஸ்திவாரம் அங்கே இருந்தது, அது சிக்கனம் என்பது பொறியாளரின் நியாயம். ஆனால் அஸ்திவாரத்தோடு சேர்ந்து யார் எங்கே என்பதும் திரும்பி வந்தது.

காலனிய நகரம் இரண்டாகப் பிளந்தது என்று ஃபிரான்ஸ் ஃபனான் 1961-ல் எழுதினார். வெள்ளையனின் நகரம், நாட்டானின் நகரம். அல்ஜீரியாவைப் பார்த்து எழுதியது. புதுச்சேரிக்கு அது அப்படியே பொருந்துவதுபோல் தெரியும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். நம் தோழர்கள் பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டினதும் ஒடுக்கப்பட்டவன் வந்துவிடுகிறான் அவர்களுக்கு. கறுப்பு நகரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் யார்? துபாஷிகள், வணிகர்கள், மிராசுகள். ரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கேதான் இருக்கிறது. கீழே தமிழ் முற்றமும் மரத்தூணும், மேலே பிரெஞ்சுத் தூணும் என்று இரண்டு நாகரிகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடு. ஒடுக்கப்பட்டவனின் வீடா அது? இந்த ஊருக்கு மூன்றாவது நகரம் ஒன்று உண்டு. பழைய மதில் இருந்த தடத்தில் போட்ட புல்வார் சாலைகளுக்கு வெளியே அது இருக்கிறது. சேரிகள், குப்பங்கள், பிறகு மூன்று பஞ்சாலைகள் வந்ததும் முளைத்த பேட்டைகள். ரோடியர் மில் 1898-ல் வந்தது. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த நாளை வருடா வருடம் கொண்டாடுகிறோம், சரிதான். அவர்கள் வேலை முடிந்து திரும்பிப்போன குடிசைகள் எந்த வரைபடத்தில் இருந்தன என்று கேட்டுப் பார்த்தோமா?

ஹென்றி லெஃபெவ்ர் 1974-ல் சொன்னது இங்கே உதவுகிறது. வெளி என்பது ஏற்கெனவே காலியாக இருந்து நாம் போய் நிரப்புகிற பாத்திரம் அல்ல, சமூக உறவுகள் அதை உற்பத்தி செய்கின்றன. வாணரப்பேட்டை மாதிரி இடங்கள் திட்டமிடாததால் தாறுமாறாக வளர்ந்தவை என்று சொல்வது பொறியியல் பாடம். திட்டத்துக்கு வெளியே வைப்பதும் ஒரு திட்டம் என்பதை எங்கள் தெருவில் நின்றால் யாருக்கும் தெரியும்.

1880 மார்ச்சில் வந்த ஆணை புதுச்சேரிக்கு நகரசபைகளைக் கொடுத்தது. கொம்யூன், மேயர், மேரி. ஆங்கிலேய இந்தியாவில் கிடைக்காத சலுகை என்று இன்றும் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. வாக்காளர் பட்டியல் வெள்ளையருக்குத் தனி, நாட்டாருக்குத் தனி. கைப்பிடி வெள்ளையருக்குப் பல்லாயிரம் நாட்டாருக்கு நிகரான எடை. அப்படியும் ஒரு மேயர் இருந்தார், அவர் வாசலில் போய்க் கத்தலாம். கடற்கரையில் 1870-களின் தொடக்கத்தில் கட்டிய மேரிக் கட்டடம் அந்தக் கத்தலையெல்லாம் கேட்டது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில். அப்புறம் நம் சட்டங்கள் வந்தன. 1969-ல் நகர ஊரமைப்புச் சட்டம், 1973-ல் நகராட்சிச் சட்டம். திட்டக் குழுமம் வந்தது, நில உபயோக வரைபடம் வந்தது, எந்த இடம் குடியிருப்பு எந்த இடம் ஆலை என்று நிறம் பூசினார்கள். 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்ததும் குப்பத்து மீனவர் தம் கூரையை மாற்றுவதற்கும் ஒரு சட்டத்தைத் தாண்ட வேண்டியதாயிற்று. இந்தக் காலம் முழுக்க ஒன்று மட்டும் வரவில்லை. தேர்தல். 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல், அதுவும் நீதிமன்றம் வரை போய். 38 வருடம். 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி அதிகாரிகள் கைக்கே போயிற்று. 2021-ல் அறிவித்த தேர்தலும் நீதிமன்றப் படியேறி நின்றுபோனது. இருபதாம் நூற்றாண்டின் காலனியப் பிரஜைக்குக் கத்துவதற்கு இருந்த வாசல், விடுதலை பெற்ற எங்கள் அப்பாவுக்குப் பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சு ஆட்சி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, அந்த ஏக்கத்தை வைத்து இங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் போதும். அனுமதி கொடுக்கிறவனை அனுமதி கேட்கிறவன் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அனுமதி வேறு, பிச்சை வேறு என்று எப்படிப் பிரிப்பது?

இனி திண்ணைக்கு வருவோம்.

தொண்ணூறுகளில் மரபுக் கட்டடங்களைக் கணக்கெடுத்த இன்டாக் அமைப்பு ஏறத்தாழ 1800 கட்டடங்களைப் பட்டியலிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதில் பல நூறு காணாமல் போயின. வாரிசுச் சண்டை, நில விலை, பராமரிப்புச் செலவு என்று காரணங்கள் உண்டு. ஐரோப்பிய உதவியோடு நடந்த திட்டத்தில் வைசியாள் வீதியில் வரிசையாகத் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும் மீட்கப்பட்டன. 2008-ல் யுனெஸ்கோ அதற்கு ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கொடுத்தது. நல்ல வேலை, அழகாக இருக்கிறது, நானும் வெளியூர் நண்பர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அங்கே சுண்ணாம்புப் பூச்சு, ஒட்டுத்தளம், நாட்டு ஓடு தெரிந்த கொத்தனார்களுக்கு மறுபடி வேலை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் திண்ணையைப் பற்றி நம் அறிவாளிகள் எழுதுவதைப் படித்தால் எரிச்சல் வருகிறது. வழிப்போக்கன் இளைப்பாறிய இடம், வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பொதுவெளி, ஹாபர்மாஸ் பார்த்திருந்தால் காபிக்கடையை விட்டுவிட்டு இதை எழுதியிருப்பார் என்கிற தொனி. எந்த வழிப்போக்கன்? வெள்ளாள வீதித் திண்ணையில் என் பாட்டி உட்கார்ந்ததில்லை. அவள் அந்த வீட்டுக்குப் பின்கட்டு வழியாகப் போய்ச் சாணி தட்டியவள்.

வைசியாள் வீதித் திண்ணை வீதியின் ஓரத்தில் ஏறி நிற்கிறது. அது மரபு. எங்கள் வீட்டு வாசலில் அப்பா சிமெண்டில் ஒரு மேடை போட்டார், சாயங்காலம் உட்கார. வரைபடம் வரைந்த பொறியாளர் முதலில் அதைத்தான் அழித்தார். 'இது ஆக்கிரமிப்புன்னு வருங்க, காட்டாதீங்க.' இரண்டும் ஒரே செயல். வீட்டிலிருந்து உடம்பைக் கொஞ்சம் தெருவுக்கு நீட்டுவது. ஒன்றுக்கு விருது, ஒன்றுக்கு ரப்பர். முன்னால் இவ்வளவு விடு, பின்னால் இவ்வளவு விடு, பக்கவாட்டில் இவ்வளவு விடு என்று விதி சொல்வதையெல்லாம் ஒரு குழி மனையில் விட்டுப் பார்த்தோம். வீடு என்று மிஞ்சியது மாடிப்படி. கறுப்பு நகரத்து வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு அங்குலம் இடம் கிடையாது, சுவரோடு சுவர் ஒட்டித்தான் நிற்கின்றன. அங்கே அதுதான் அழகின் இலக்கணம்.

பெரு நாட்டில் எர்னாந்தோ தெ சோத்தோ 1983-ல் ஒரு சோதனை செய்தார். சிறிய தையல் பட்டறை ஒன்றைச் சட்டப்படி பதிய எத்தனை நாளாகும் என்று ஆட்களை விட்டுப் பார்த்தார். 289 நாள். அவர் அதிலிருந்து போய்ச் சேர்ந்த இடம் சந்தை. எல்லோருக்கும் பத்திரம் கொடுத்துவிடு, மிச்சத்தை முதலாளியம் பார்த்துக்கொள்ளும் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்களிடம் பத்திரம் இருந்தது. பிரெஞ்சிலேயே இருந்தது. தெருதான் இல்லை.

2014 நவம்பர் மழையில் மேரிக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஏற்கெனவே பாழடைந்து காலியாகத்தான் கிடந்தது. ஊரில் யார் எங்கே கட்டலாம் என்று நூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்த கட்டடம் தன் கூரையைத் தாங்க முடியாமல் கடற்கரைச் சாலையில் குவிந்தது. மறுநாள் அப்பா என்னையும் தம்பியையும் சைக்கிளில் பின்தொடரச் சொல்லிவிட்டுப் பார்க்கப் போனார். ஆலையில் வேலை செய்தவர் அல்லவா, சுவரைத் தொட்டுப் பார்த்தார். 'சுண்ணாம்பு நல்லாத்தான் இருக்கு, ஒழுகுறதப் பாக்க ஆளில்ல' என்றார். உலக வங்கிக் கடனில் பழைய மாதிரியே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பழைய கோட்டின் மேலேயே.

நான்காவது முறை கோப்பைக் கொண்டுபோனபோது நான் ஒரு காகிதம் சேர்த்திருந்தேன். எங்கள் சந்தில் உள்ள பதினோரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, இந்தச் சந்து எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிற வழி என்று எழுதிக் கொடுத்தது. இரண்டு பேர் கைநாட்டு. எழுத்தர் அதை முன்னும் பின்னும் பார்த்தார். இது விதியில் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று தெரியவில்லை, மேலே கேட்கிறேன் என்றார். கோப்பு இப்போது மேலே இருக்கிறது. தம்பி கல்யாணம் முடிந்துவிட்டது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அவனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். சந்துக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டால் என்ன பெயர் சொல்வது என்று பதினோரு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. இதுவரை ஒத்துவரவில்லை.